இந்த வாரம் எந்தப் பாடம்?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வாரம் என்ன பாடம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பள்ளி வரைக்கும் போக வேண்டியதில்லை. எந்தப் பருவம், அதில் எத்தனையாவது வாரம் என்று தெரிந்தால் போதும். தமிழில் எந்தக் கதை, கணக்கில் எந்தச் செயல்பாடு, ஆங்கிலத்தில் எந்தப் பாட்டு என்பதெல்லாம் ஆசிரியர் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. வாரம் பிறப்பதற்கு முன்பே அந்த வாரத்துக்கான பாடக்குறிப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். யாரோ ஒருவர் பொறுப்பாக எழுதியதைப் பலரும் தங்கள் ஏட்டில் படியெடுத்துக்கொள்வார்கள். கூடலூர் மலைச்சரிவில் இருக்கும் பள்ளிக்கும் தொண்டிக் கடற்கரையில் இருக்கும் பள்ளிக்கும் திங்கட்கிழமை காலையில் ஏறக்குறைய ஒரே பக்கம். இந்த ஒழுங்கை இளக்காரமாகப் பேசுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. வாரப் பாடம் ஒரு நல்ல கருவி என்பதே என் கருத்து. ஆனால் ஆசிரியர் எதை நடத்துகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. பிள்ளை எதைக் கற்றது என்று அதனால் சொல்ல முடியாது. நடத்தியதையும் கற்றதையும் ஒரே கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நம் தொடக்கக் கல்வியில் ஊறிப்போயிருக்கிறது. பலமுறை சீர்திருத்தியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

முதலில் வாரத் திட்டத்தின் நன்மைகளைச் சரியாக எடைபோட வேண்டும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒரு வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், அதோடு மூன்றாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் என்று கூட்டினால் இருபதுக்கும் மேற்பட்ட பாடங்களை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டம், பதிவேடு, சத்துணவுக் கணக்கு என்று அவருடைய நாளில் பாதி வேறு பக்கம் போய்விடும். இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தாமே செயல்பாடு யோசித்து, பொருள் தேடி, நேரம் பிரித்துத் திட்டமிடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்வது நடக்கிற காரியமில்லை. கையேடு அந்தச் சுமையைப் பெரிதும் குறைக்கிறது. பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொடங்கும் இடம் தெரிகிறது. பெற்றோர் ஊர் மாறினால் பிள்ளை போய்ச் சேரும் பள்ளியிலும் அதே பாடம் நடந்துகொண்டிருக்கும். ஆசிரியர் தமக்குப் பிடித்த பாடத்தையே இழுத்துக்கொண்டு, பிடிக்காத கணக்கைத் தள்ளிப்போடும் பழைய வழக்கத்துக்கும் கடிவாளம் விழுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்தின் முழு அளவும் கிடைக்க வேண்டும் என்ற நீதி இதற்குள் இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பேசும் விமர்சனம் நேர்மையானதாக இருக்காது.

வாரக் கணக்கே இல்லாமல் நடத்திப் பார்த்த அனுபவமும் இந்த மாநிலத்துக்கு உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பாடப்புத்தகத்தின் இடத்தை அட்டைகள் பிடித்தன. சுவரில் ஏணிப்படி வரைந்த கற்றல் படிநிலை தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தானே எடுத்துவந்து, அதை முடித்த பிறகு அடுத்த படிக்குப் போகும். அந்த வகுப்பறையில் ‘இந்த வாரம் எந்தப் பாடம்’ என்ற கேள்விக்கே பொருள் இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு முப்பது விடை. கற்பவரை மையத்தில் வைத்த முறை என்று கல்வியாளர்கள் பலர் அதைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு பொய்யில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய வேறொரு முறை தமிழ்நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த முறையில் குறைந்திருந்தது வேகம். எந்தப் படியில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதற்கு எல்லை இல்லாததால், முன்னே போகும் பிள்ளை வேகமாகப் போனது, தேங்கிய பிள்ளை அங்கேயே தேங்கியது. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து வெவ்வேறு அட்டைகளைக் கவனிக்க வேண்டிய ஆசிரியர், யாருக்குத் தம் உதவி மிகத் தேவையோ அவரிடம் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். புத்தகத்தைப் பையில் பார்க்காத பெற்றோருக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டைகள் கிழிந்தால் மாற்று அட்டை வருவதில்லை. பிறகு முறை எளிதாக்கப்பட்டது. 2012-13இல் முப்பருவ முறை வந்தது. 2018இலிருந்து புதிய பாடநூல்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் நாட்காட்டியின் பிடி இறுகியது, ஏணிப்படி சுவரிலிருந்து இறங்கியது. எனவே வாரத் திட்டத்துக்கு மாற்றாக ‘பிள்ளை தன் போக்கில் கற்கட்டும்’ என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தன் போக்கு என்பது பல பிள்ளைகளுக்கு நின்ற இடத்திலேயே நிற்பதாக முடிந்தது.

கொரோனா வந்தபோது பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பறையையே பார்க்காத பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து நின்றது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த நெருக்கடியில் பிறந்தது. 2022 ஜூன் 13இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார்; முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும். எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், அதுவும் 2025க்குள் என்பது இலக்காக இருந்தது. வகுப்பின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைப்படி பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பாக, அதாவது முதல் வகுப்பு நிலையில் இருக்கலாம் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. இது சாதாரண விஷயமில்லை. எல்லாரும் தேர்ச்சி, எல்லாரும் அடுத்த வகுப்பு என்று பல்லாண்டுகளாகப் பதிவேட்டில் எழுதிவந்த ஒரு துறை, அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் இருந்ததைத் தானே திறந்து காட்டியது. இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய பலமாக நான் மதிப்பது இதைத்தான். பாட்டு, பொம்மலாட்டம், கதைக்களம் எல்லாம் அதற்குப் பிறகு.

எண்களும் அந்த ஒப்புதலை உறுதிசெய்தன. பிரதம் அமைப்பின் அசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேர்கூட இல்லை. 2024இல் பழைய நிலைக்கு மீண்டார்கள். அசரின் முடிவுகளைப் பிற மாநிலங்களோடு ஒப்பிட்டுத் தமிழ்நாட்டைத் தாழ்த்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மொழியின் வாசிப்புப் பத்தியும் இன்னொரு மொழியின் பத்தியும் ஒரே கடினம் கொண்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே மாநிலத்தை ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. நோய்க்காலத்துக்கு முன்பே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாங்கள் கடந்துவந்த வகுப்பின் பாடத்தை வாசிக்க முடியாமல் இருந்தார்கள் என்பதுதான் இதில் உறைக்க வேண்டிய செய்தி. அந்த 2018இலும் வாரந்தோறும் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. பாடக்குறிப்பு ஏடுகளில் கையொப்பம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு நேர்மாறாகப் பள்ளி திறந்த பின் நடந்த மீட்சியைப் பாருங்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டு ஊர்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பள்ளி மூடியதால் ஏற்பட்ட இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறே மாதத்தில் ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். மாலை நேரத்தில் ஊரிலேயே கூடிய அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த பெண்கள். அவர்களுக்குப் போர்ஷன் முடிக்கும் கட்டாயம் இல்லை. வந்த பிள்ளைக்கு எது தெரியவில்லையோ அதைச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தது. எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்குவதற்கு முன்பே இந்த மீட்சியின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது என்பதால், அதன் பெருமையை அந்தத் திட்டத்துக்குக் கொடுக்கவும் முடியாது.

இனி வாரப் பாடம் எந்த இடத்தில் பிள்ளையைக் கைவிடுகிறது என்று வகுப்பறைக்குள்ளே பார்ப்போம். கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த வாரம் இனமாற்றத்துடன் கூட்டல். பத்துகள், ஒன்றுகள் என்ற இடமதிப்பு மனத்தில் படியாத பிள்ளை 47உடன் 38ஐக் கூட்டி 715 என்று எழுதும். ஏழும் எட்டும் பதினைந்து, நான்கும் மூன்றும் ஏழு. அதன் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருப்பது சில மாதங்களுக்கு முன் நடந்த வேறொரு பாடத்தில். அடுத்த வாரம் கழித்தல் வரும். 52இலிருந்து 38ஐக் கழித்து அதே பிள்ளை 26 என்று எழுதும். எட்டிலிருந்து இரண்டைக் கழித்தால் ஆறு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் இரண்டு. இங்கேயும் அதே பழைய ஓட்டைதான். அதற்கடுத்த வாரம் பெருக்கல் வந்துவிடும். ஆசிரியருக்குப் பிள்ளையின் தவறு புரியாமல் இல்லை. இடமதிப்புக்குத் திரும்பிப் போய்க் குச்சிக்கட்டும் மணியும் எடுத்து நான்கு நாள் செலவழித்தால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். ஆனால் அந்த நான்கு நாள் கையேட்டில் இல்லை. அதனால் கரும்பலகையில் உள்ள விடையைப் பிள்ளை பயிற்சி நூலில் எழுதிக்கொள்கிறது; பக்கம் நிரம்பிவிடுகிறது; பார்வையிட வருபவர் கண்ணுக்கு அந்த நூல் முழுமையாகத் தெரிகிறது.

வாசிப்பில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். தமிழ் எழுத்துகளில் ஆகார வரிசை வரைக்கும் பிள்ளைகள் ஓரளவு சுலபமாக வந்துவிடுகிறார்கள். துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. உகர, ஊகார வரிசையில்தான் வண்டி நிற்கிறது. கு, சு, டு, நு, மு, று என்று ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலிக்குப் பின்னால் வர வேண்டியிருந்தும் எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஒகர, ஓகாரத்தில் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். இந்த வரிசைகளில் தடுமாறும் பிள்ளையின் முன் மூன்றாம் வகுப்புக் கதையை வைத்தால் என்ன செய்யும்? நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். வார இறுதியில் அந்தப் பக்கத்தை ஒப்பிக்கும்போது விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருக்கும். கதை பிள்ளைக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு வாய்விடையும் வரும். அதே எழுத்துகளை வேறு சொல்லில் போட்டுக் கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும். எண்ணும் எழுத்தும் முறையில் அரும்பு நிலைப் பிள்ளைக்கு வேறு பயிற்சி உண்டு என்பது சரிதான். அந்தப் பயிற்சியும் இந்த வாரப் பாடத்தின் எளிய வடிவமாக அமைந்து, அடுத்த வாரம் அடுத்த பாடத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும்போது, ஒரே ஓட்டத்துக்கு மூன்று தண்டவாளம் போட்டதாகத்தான் ஆகிறது. பிள்ளையின் நிலை மதிக்கப்படுகிறது, பிள்ளைக்கு வேண்டிய கால அளவு மதிக்கப்படுவதில்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறை இல்லை. லான்ட் பிரிட்செட்டும் அமாண்டா பீட்டியும் வளரும் நாடுகளின் பாடத்திட்டங்களை ஆராய்ந்து, பாடத்திட்டத்தின் வேகம் பிள்ளைகள் கற்கும் வேகத்தை மிஞ்சினால், ஒருமுறை பின்தங்கியவர்கள் அதன் பிறகு பள்ளியில் உட்கார்ந்திருந்தும் எதையும் பெறாமல் போகிறார்கள் என்று காட்டினார்கள். டெல்லியில் கணினிவழிப் பயிற்சி ஒன்றை மதிப்பிட்ட முரளிதரன் குழுவினர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருப்பதையும், மேல்வகுப்புக்குப் போகப் போக அந்த இடைவெளி விரிவதையும் கண்டார்கள். இடைவெளி விரிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு வாரம் தவறியதன் விளைவு அந்த வாரத்தோடு முடிவதில்லை.

தவறுவதற்குக் காரணங்களும் எல்லா ஊருக்கும் ஒன்றில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடலோர மாவட்டங்களில் பள்ளி நாட்களை விழுங்கும். ஈரோட்டிலோ தருமபுரியிலோ அவ்வளவு விழுங்காது. 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலில் சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும், பிறகு பெருவெள்ளத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. பாடப்புத்தகமே நனைந்து போன வீடுகள் அங்கே உண்டு. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வந்து, ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். நீலகிரியில் வீட்டில் இருளமொழியோ குறும்பமொழியோ பேசும் பிள்ளைக்கு முதல் வகுப்புத் தமிழே பாதி புது மொழி. இவர்கள் எல்லாருக்கும் ‘ஏழாவது வாரம்’ ஒன்றாக வர முடியாது. உள்ளூர் ஆசிரியர்தான் அதைக் கூட்டிக் குறைக்க முடியும். அந்த உரிமை காகிதத்தில் அவருக்கு இல்லாமல் இல்லை. நடைமுறையில் அதைப் பயன்படுத்தினால் விளக்கம் எழுதித் தர வேண்டியவரும் அவரே.

மதிப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டம் தன் நல்ல நோக்கத்தைத் தானே தடுத்துக்கொண்ட இடம் அது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அடிக்கடி பார்த்தால்தான் நிலைக்கேற்பக் கற்பிக்க முடியும். ஆகவே வளரறி மதிப்பீடுகள் வந்தன. அவற்றைக் கைபேசிச் செயலியில் நடத்திப் பதிவேற்ற வேண்டும் என்றும் ஆனது. ஆசிரியரிடம் ஒரு கைபேசி, எதிரில் இருபது முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக அழைத்துத் திரையைக் காட்டி விடையைத் தொட வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் அதுவரை என்ன செய்வார்கள் என்பதற்குச் செயலியில் பதில் கிடையாது. தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக், இணையவழிப் பதிவுகளுக்கும் எண்ணும் எழுத்தும் திட்ட நடைமுறைகளுக்கும் எதிராகப் போராட்டக் கோரிக்கைகள் வைத்தது. பி.எட். மாணவர்களைக் கொண்டு பள்ளிகளை மதிப்பிடும் முயற்சியும் 2023இல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சங்கங்களின் எதிர்ப்பை வேலைக்கு அஞ்சுபவர்களின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவது சிலருக்கு வழக்கம். ஹரியானாவில் நடந்த ஓர் ஆய்வு அவர்களை யோசிக்க வைக்க வேண்டும். அங்கே தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைச் சில நூறு பள்ளிகளில் சோதித்தபோது, அடிக்கடி மதிப்பிட்டதால் மட்டும் பிள்ளைகளின் கற்றல் உயரவில்லை. ஆசிரியர்கள் மதிப்பெண்ணையும் குறிப்பையும் நிரப்பினார்கள். மறுநாள் பாடம் மாறவில்லை. அதே ஹரியானாவில், தினமும் ஒரு மணி நேரம் வகுப்புப் பிரிவைக் கலைத்துப் பிள்ளைகளை நிலைவாரியாக உட்காரவைத்து நடத்திய பள்ளிகளில் மொழித்திறன் உயர்ந்தது. முதல் முறை கற்பிக்கும் நேரத்தைத் தொடவில்லை, இரண்டாவது அந்த நேரத்தையே மாற்றியது.

இங்கே ஒரு மறுப்பு வரும். மதிப்பீட்டுத் தரவு மேலே வராவிட்டால் எந்த வட்டாரத்தில் எவ்வளவு பின்னடைவு என்று அரசுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பிள்ளையையும் அடிக்கடி பதிவேற்ற வேண்டியதில்லை. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு மாதிரி முறையில்தான் நடந்தது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வும் நடத்தப்பட்டது. திட்டமிடுவதற்கு இவை போதும். ஆசிரியருக்கு வேண்டிய தகவல் வேறு வகை: இந்த வகுப்பில் உகர வரிசையில் தடுமாறும் ஆறு பேர் யார், இடமதிப்பு புரியாத நான்கு பேர் யார் என்பது. ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளக்கூடிய தகவல் அது. அது சென்னைக்கு வர வேண்டியதே இல்லை.

இன்னொரு மறுப்பு கூடுதல் கூர்மையானது. வாரக் கட்டாயத்தைத் தளர்த்தினால் ஆசிரியர்கள் சோம்பிவிடுவார்கள், செயல்வழிக் கற்றலின் கதை திரும்பிவரும் என்பது. தளர்த்துவது என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவது என்று பொருள் கொண்டால் இந்த அச்சம் சரி. பீகாரிலும் உத்தரகண்டிலும் நிலைவாரிக் கற்பித்தலுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்துவிட்டு, எப்போது செய்வது என்பதை ஆசிரியர் விருப்பத்துக்கு விட்டார்கள், பயன் கிடைக்கவில்லை. வழக்கமான பாடத்தின் அவசரம் புது முறையை விழுங்கிவிட்டது. அதே பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே கோடை முகாமில், பாடத்திட்டத்தின் நெருக்கடி இல்லாத நாட்களில் அதைச் செய்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர்களும் பயிற்சியும் ஒன்று, மாறியது நாட்காட்டி. ஆகவே சோம்பலுக்கு மருந்து வாரக் கட்டாயம் என்ற வாதம் பாதிதான் உண்மை. கட்டாயம் தேவை. அந்தக் கட்டாயத்தில் ஒரு பகுதியைப் பாடத்தை நகர்த்துவதிலிருந்து எடுத்து, பின்தங்கியவருக்கு நேரம் ஒதுக்குவதன் மேல் வைக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்தால் பாடக்குறிப்பை மட்டும் பார்க்காமல், அந்த ஒதுக்கிய நேரத்தில் யார் எதைக் கற்றார்கள் என்று நான்கு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதே பிள்ளையின் மனத்தில் முத்திரை குத்துவது என்று சிலர் வருந்துகிறார்கள். எந்தப் பூவின் பெயர் வைத்தாலும் யார் கடைசி வரிசை என்று பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும், அதில் ஐயமில்லை. பிரிக்காமல் விட்டால் மட்டும் தெரியாமலா போகிறது? வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று வாய் திறக்காத பிள்ளையை வகுப்பு முழுவதும் பார்க்கிறது. கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளை நிலைப்படி இரு பிரிவாக்கியபோது மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் முன்னேறின. ஆனால் அங்கே பிரிவுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். இங்கே மூன்று நிலையையும் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் பார்க்கிறார் என்பதால் அந்த முடிவை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. முத்திரையைப் பற்றிய கவலை உண்மையில் கால அளவைப் பற்றியதாக இருக்க வேண்டும். சில வாரம் அரும்பாக இருந்து மொட்டாக மாறும் பிள்ளைக்கு எந்தக் கேடும் இல்லை. மூன்று ஆண்டும் அரும்பாகவே இருப்பதுதான் கேடு.

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். வெள்ளிக்கிழமை தோறும் ‘இந்த வாரம் உங்கள் குழந்தை கற்றவை’ என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்த பட்டியலில் குழந்தையின் பெயர் மட்டும் மாறும். அப்பா அம்மாவுக்கும் பக்கம் முடிந்தால் திருப்தி. கட்டணம் கட்டியதற்குக் கணக்கு வந்துவிட்டது. அரசுப் பள்ளியின் பாடக்குறிப்பும் இந்தப் பட்டியலும் வேறு வேறு தாளில் எழுதிய ஒரே விடை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கு அடுத்தது, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது. 2010 ஏப்ரல் 1 முதல் இரண்டும் சட்டம்தான். முதல் கடமைக்குப் பதிவேடு, பார்வையாளர், விளக்கக் கடிதம் எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு நேர அட்டவணையில் ஒரு மணிகூட உறுதியாக ஒதுக்கப்படவில்லை. அதே சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 கற்பித்தல் மணியும் சொல்கிறது. இதில் நாளுக்கு ஒரு மணி என்று எடுத்தால் ஆண்டுக்கு 200 மணி, கால் பங்கு. அந்தக் கால் பங்கில் புதுப் பாடம் எதுவும் நகரக் கூடாது. மீதி முக்கால் பங்குக்குள் அடங்கும்படி பாடங்களைக் குறைக்க வேண்டும். குறைப்பதால் கெட்டிக்காரப் பிள்ளைகள் இழப்பார்கள் என்பவர்களுக்கு, அந்த மணியில் அவர்கள் நூலகப் புத்தகம் வாசிக்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் வேண்டியதில்லை. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அடுத்த பருவத்துக்கான கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு வாரப் பக்கத்திலும் அந்த ஒரு மணியை வெற்றிடமாக விட்டு, அதை நிரப்பும் பொறுப்பை ஆசிரியரிடம் கொடுக்கட்டும். புதிய திட்டமோ செயலியோ இதற்கு வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.